சென்டர் நெகட்டிவ் என்ற தலைவலி

கிட்டார் பெடலுக்கு (காலால் அழுத்தி கிட்டாரின் ஓசையை மாற்றும் சின்னப் பெட்டி) அடாப்டர் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று சென்ற இதழில் இரண்டு பத்தி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: ப்ளஸ்ஸும் மைனஸும் மாறிப் போய்விட்டது, இப்போது என்ன செய்வது? அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன். போன ஞாயிறு பெடல் அடாப்டரை வீட்டிலேயே மறந்துவிட்டேன். அங்கிருந்த வைஃபை ரவுட்டரின் அடாப்டரைக் கழற்றிப் போட்டேன். அதிலும் 9 வோல்ட் என்றுதான் இருந்தது, பின்னும் கச்சிதமாக உட்கார்ந்தது. லைட் எரியவில்லை, லேசாகக் கருகல் வாசனை. என் ஓவர்டிரைவ் பெடல் செத்துவிட்டதா? — கல்லூரி மாணவர், திண்டுக்கல்

அநேகமாகச் சாகவில்லை தம்பி, பதறாதீர்கள். நீங்கள் போட்டது சென்டர் பாசிட்டிவ் அடாப்டர், அதாவது பின்னின் உள்துளையில் ப்ளஸ், வெளிக்குழாயில் மைனஸ். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், சிசிடிவி கேமரா என்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான். கிட்டார் பெடல் உலகம் மட்டும் நேர் எதிர், உள்துளையில் மைனஸ், அதுதான் சென்டர் நெகட்டிவ். பின்னின் அளவு இரண்டுக்கும் ஒன்றாகவே இருப்பதால் (வெளியே 5.5 மில்லிமீட்டர், உள்ளே 2.1) தப்பானது தடுக்காமல் உள்ளே போய்விடும்.

கருகல் வாசனை எதிலிருந்து வந்தது என்பதுதான் இப்போது முக்கியம். நிறைய பெடல்களில் பவர் ஜாக்குக்குப் பக்கத்திலேயே, ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே ஒரு டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) போட்டிருப்பார்கள். மின்சாரம் சரியான திசையில் வரும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும். தலைகீழாக வந்தால் விழித்து, வருகிற கரண்ட் முழுவதையும் தன் வழியாகத் திருப்பிவிடும், மீதி சர்க்யூட்டுக்கு முக்கால் வோல்ட் அளவுதான் போய்ச் சேரும். அடாப்டர் சின்னதாக இருந்தால் அதுவே திணறி அடங்கிவிடும். ரவுட்டர் அடாப்டர் ஒரு ஆம்பியர், ஒன்றரை ஆம்பியர் சளைக்காமல் கொடுக்கும், ஒரு ஆம்பியர் டயோடு அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கும்? சூடேறிக் கருகியிருக்கும். இப்படிச் சாகிற டயோடு பெரும்பாலும் உள்ளே ஷார்ட் ஆகித்தான் சாகும். அதற்கப்புறம் சரியான அடாப்டரை மாட்டினாலும் பெடல் உயிர் பெறாது, ஏனென்றால் அந்த ஷார்ட் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. பலபேர் இந்த இடத்தில்தான் பெடலைத் தூக்கிக் கடாசுகிறார்கள், அப்படி ஒரு பெடலை நானே பழைய சாமான் விலைக்கு வாங்கி டயோடு மாற்றி இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: பேட்டரி, அடாப்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறங்கள். ஜாக்கிலிருந்து வரும் வயர் போர்டில் சேரும் இடத்தில் கறுப்பு உடம்பில் வெள்ளிப் பட்டை போட்ட ஒரு குட்டி உருளை தெரியும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தொடுங்கள். ஒரு திசையில் 0.5, 0.6 என்று ஏதாவது காட்டி மறுதிசையில் காட்டாமல் விட்டால் டயோடு உயிரோடு இருக்கிறது. இரண்டு திசையிலும் சைபர் என்றால் ஒரு காலைத் தூக்கிவிட்டு அதை மட்டும் தனியாக அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள், போர்டிலேயே வைத்து அளந்தால் பக்கத்தில் இருக்கும் சாமான்கள் குழப்பும். பிறகு, கால் தூக்கிய நிலையிலேயே ஒரு 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். பெடல் பாடினால் பிரச்சினை ஒன்றிரண்டு ரூபாயில் தீர்ந்தது, புது 1என்4001 (அல்லது 4007, எது கிடைக்கிறதோ) வாங்கிப் பழையதன் பட்டை இருந்த பக்கமே புதியதன் பட்டை வரும்படி ஈயம் வைத்துவிடுங்கள்.

"டயோடு இல்லாமலேயே வேலை செய்கிறதே, அப்படியே விட்டுவிடலாமா" என்று உடனே தோன்றும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் அப்படித்தான் டயோடை வெட்டிப் போட்டுவிட்டு "சரியாயிடுச்சு" என்று கொடுத்தார்கள். அடுத்த முறை தப்பான பின் மாட்டியபோது ஐசி போனது.

டயோடு நன்றாகவே இருந்து பெடல் மட்டும் பேசவில்லை என்றால் வேறு இடம் தேட வேண்டும். முதல் சந்தேகம் பவர் நுழையும் இடத்தில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். அவற்றுக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் ஒரு திசையைத்தான் தாங்கும், தலைகீழாக்கினால் படலம் சிதைந்து உள்ளே வாயு சேர்ந்து தலை உப்பிவிடும், சில சமயம் பட்டாசு மாதிரி வெடிக்கவும் செய்யும். அடுத்தது சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐசி. 4558, டிஎல்072 மாதிரி ஐசிகளைத் தலைகீழாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் சந்திப்புகளே டயோடு போலத் திறந்துகொண்டு கட்டுப்பாடில்லாமல் கரண்டை இழுக்கும், சில நொடிகளில் விரல் வைக்க முடியாது. இந்த இரண்டு ஐசிகளும் மலிவு, சாக்கெட்டில் செருகியிருந்தால் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. இரண்டு டிரான்சிஸ்டர் மட்டும் உள்ள ஃபஸ் (ஓசையைக் கரகரப்பாக்கும்) பெடல்கள் இந்த மாதிரி விபத்தில் அடிக்கடி தப்பிவிடும், வழியில் இருக்கும் பெரிய ரெசிஸ்டர்கள் கரண்டை அடக்கிவிடுகின்றன. டிஜிட்டல் டிலே, ரிவர்ப் மாதிரி எதிரொலிப் பெடல்கள் என்றால்தான் வயிற்றைக் கலக்கும். அதில் பிராசஸர் போனால் பெட்டி மட்டும்தான் மிச்சம்.

உலகமே உள்ளே ப்ளஸ், வெளியே மைனஸ் என்று இருக்கும்போது பெடல் கம்பெனிகள் மட்டும் ஏன் மாற்றி வைத்தார்கள்? வம்புக்கா? — மதுரை வாசகர்

பேட்டரிக்காக. அந்தக் காலத்துப் பெடல்கள் பேட்டரியில் ஓடவே செய்யப்பட்டவை, அடாப்டர் பின்னால் வந்து சேர்ந்த வசதி. அடாப்டரை மாட்டியதும் பேட்டரி தானாகத் துண்டாக வேண்டும், இல்லையென்றால் அடாப்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றப் பார்க்கும், சார்ஜ் ஏற்றக் கூடாத வகைப் பேட்டரி கசியும். இதற்கு ஜாக்கிலேயே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு: பின் இல்லாதபோது வெளிக்குழாயைத் தொடும் பட்டையோடு மூன்றாவது கால் ஒட்டியிருக்கும், பின் உள்ளே போனதும் விலகிவிடும். கவனியுங்கள், அந்த சுவிட்ச் இருப்பது வெளிப்பக்கத்தில்.

பேட்டரியின் மைனஸுக்கு ஏற்கெனவே வேறொரு வேலை இருந்தது. அதை கிட்டார் மாட்டும் இன்புட் ஜாக்கில் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். அது ஸ்டீரியோ ஜாக், நம் கிட்டார் கேபிளோ மோனோ. கேபிளைச் செருகினால் ஜாக்கின் இரண்டு தொடுபுள்ளிகள் ஒன்றாகி மைனஸ் கிரவுண்டோடு (சர்க்யூட் முழுவதற்கும் பொதுவான புள்ளி) சேரும், பெடல் ஆன் ஆகும். (வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடு என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.) ஆக அடாப்டர் ஜாக்கில் வெட்டுவதற்கு மிச்சமிருந்தது ப்ளஸ். ப்ளஸ் சுவிட்ச் இருக்கும் வெளிப்பக்கத்துக்குப் போனதால் மைனஸ் நடுவுக்கு வந்துவிட்டது. பாஸ் நிறுவனத்தின் பெடல்கள் உலகம் முழுக்கப் பரவியதும் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இன்று பேட்டரி வைக்க இடமே இல்லாத குட்டிப் பெடல்கள்கூட சென்டர் நெகட்டிவ்தான்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. வெளிக்குழாய் ப்ளஸ்ஸாக இருப்பதால் முழு உலோக ஜாக்கை அலுமினியப் பெட்டியில் முடுக்கினால் ப்ளஸ் நேராகப் பெட்டியில், அதாவது கிரவுண்டில் ஷார்ட் ஆகும். பெடல்களில் பிளாஸ்டிக் உடம்பு ஜாக் போடுவது விலை குறைவு என்பதற்காக இல்லை.

எல்லாப் பெடலும் இப்படித்தான் என்றும் நம்பிவிட வேண்டாம். பழைய ராட் டிஸ்டார்ஷன் பெடல்களில் ஹெட்ஃபோன் மாதிரி 3.5 மில்லிமீட்டர் ஜாக், அதில் நுனி ப்ளஸ். பெடலின் முதுகில் ஒரு வட்டமும் அதைச் சுற்றி அரைவட்டமும் வரைந்து இரண்டு பக்கமும் ப்ளஸ், மைனஸ் குறி போட்டிருப்பார்கள். நடுப்புள்ளியிலிருந்து வரும் கோடு எந்தக் குறியில் முடிகிறதோ அதுதான் நடு. அடாப்டரிலும் அதே படம் இருக்கும், இரண்டும் ஒத்துப்போனால் போதும்.

சொந்தமாகப் பெடல் கட்டுகிறேன். தலைகீழ் பாதுகாப்புக்கு டயோடை வரிசையில் போடுவதா, குறுக்கே போடுவதா, மாஸ்ஃபெட் போடுவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். — கோவை வாசகர்

மூன்றும் சரி, மூன்றுக்கும் ஒரு விலை உண்டு.

குறுக்கே போடும் டயோடைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அதில் வோல்டேஜ் இழப்பே இல்லை, ஆனால் அது தன்னைப் பலி கொடுத்துத்தான் காப்பாற்றுகிறது. சின்ன அடாப்டர்களின் காலத்தில் அது போதுமானதாக இருந்தது, இரண்டு ஆம்பியர் அடாப்டர்கள் மலிந்துவிட்ட இன்று அதை மட்டும் நம்புவது எனக்கு உவப்பில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கு முன்னால் 100 மில்லிஆம்பியர் அளவில் ஒரு பாலிஃப்யூஸ் வையுங்கள். தலைகீழாக மாட்டினால் டயோடு வழியாகப் பாயும் கரண்டில் ஃப்யூஸ் சூடாகித் தானே மின்தடையை ஏற்றிக்கொள்ளும், பின்னை உருவி ஆறவிட்டால் பழையபடி வேலை செய்யும். பத்து, இருபது மில்லிஆம்பியர் குடிக்கும் அனலாக் பெடலுக்கு இது நல்ல ஜோடி.

வரிசையில் போடும் டயோடு கதவு மாதிரி, தலைகீழாக வந்தால் திறக்கவே திறக்காது, எதுவும் சூடாகாது, கருகாது. குறை என்னவென்றால் சரியாக மாட்டும்போதும் சுங்கம் வசூலிக்கும். சாதாரண 1என்4007 என்றால் 0.6 வோல்ட் போய்விடும், 9 வோல்ட் 8.4 ஆகும். ஓவர்டிரைவில் இதைக் காதால் கண்டுபிடிப்பேன் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் நம்புவதும் இல்லை. ஓசையைச் சிதைக்காமல் கூட்டும் கிளீன் பூஸ்டரில் வேண்டுமானால் கொஞ்சம் தெரியலாம். 1என்5817 என்ற ஷாட்கி டயோடு போட்டால் சின்ன கரண்டில் இழப்பு 0.2 வோல்ட் பக்கம் வந்துவிடும், பேட்டரி புதிதா பழையதா என்பதில் வரும் வித்தியாசமே அதைவிடப் பெரிது. ஒரு எச்சரிக்கை: 5817 தாங்கும் தலைகீழ் அழுத்தம் 20 வோல்ட்தான். 18 வோல்ட்டில் ஓட்டும் பெடல் என்றால் 40 வோல்ட் தாங்கும் 5819 போடுங்கள், விலை கிட்டத்தட்ட அதேதான்.

பி-சேனல் மாஸ்ஃபெட் (கேட், ட்ரெய்ன், சோர்ஸ் என்று மூன்று கால் உள்ள ஒரு வகை டிரான்சிஸ்டர்) இரண்டின் நல்ல குணங்களையும் எடுத்துக்கொள்கிறது, தலைகீழானால் மூடிக்கொள்ளும், சரியாக வந்தால் கிட்டத்தட்ட வெறும் வயர் மாதிரி. நான் எனக்காகக் கட்டுவதில் இதைத்தான் போடுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் ஐஆர்எஃப்9540 கேட்டுப் பாருங்கள், ஆள் கொஞ்சம் தடி, பெடலுக்கு யானைக்குட்டியைக் கட்டினமாதிரி இருக்கும், ஆனால் மின்தடை 0.2 ஓம் அளவுதான். இதில் நூற்றுக்கு ஐம்பது பேர் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது (நானும் செய்தேன்). ட்ரெய்ன் கால் அடாப்டர் பக்கமும், சோர்ஸ் கால் சர்க்யூட் பக்கமும் போக வேண்டும். சுவிட்சாகப் பயன்படுத்திப் பழகியவர்களுக்குக் கை தானாக மாற்றித்தான் வைக்கும். மாற்றி வைத்தாலும் சரியான அடாப்டரில் பெடல் ஜம்மென்று வேலை செய்யும், அதுதான் வில்லங்கம். மாஸ்ஃபெட்டுக்குள் இயல்பாகவே ஒரு டயோடு உண்டு, கால்கள் மாறியிருந்தால் தலைகீழ் மின்சாரம் அதன் வழியாகவே உள்ளே புகுந்துவிடும். பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பில் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்.

கேட் காலை 100 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்குக் கொடுங்கள். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 20 வோல்ட்டுக்கு மேல் ஆகாது என்பதால் வோல்டேஜை அதற்கு மேல் ஏறவிடாத 12 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்றையும் அங்கே சேர்த்துவிட்டால் 18 வோல்ட் அடாப்டருக்கும் கவலையில்லை. கட்டி முடித்ததும் சர்க்யூட்டுக்குப் பதிலாக ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டரை வைத்து, வேண்டுமென்றே தலைகீழாகப் பவர் கொடுத்து, ரெசிஸ்டரின் மேல் வோல்டேஜ் ஏதும் வருகிறதா என்று அளந்துவிடுங்கள். வரக் கூடாது.

நான்கு டயோடு பிரிட்ஜ் போட்டால் எப்படி மாட்டினாலும் ஓடுமே என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். ஓடும், ஆனால் மைனஸ் பாதையிலும் ஒரு டயோடு உட்காருவதால் பெடலின் கிரவுண்டும் அடாப்டரின் மைனஸும் ஒன்றாக இராது. ஒரே அடாப்டரில் நாலைந்து பெடல் தொங்கினால் பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிளின் கிரவுண்ட் அந்த டயோடைச் சுற்றிக்கொண்டு போகும். அப்புறம் இரைச்சல், அப்புறம் நீங்கள் மறுபடி கடிதம் எழுதுவீர்கள். தடுப்பு எதுவானாலும் ப்ளஸ் பாதையில் வையுங்கள்.

பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ் ஒன்று வாங்கினேன். மற்ற பெடல்களோடு டெய்ஸி செயினில் (ஒரே அடாப்டரைப் பல பெடலுக்குப் பிரித்துக் கொடுக்கும் வயர்) மாட்டியதும் எல்லாப் பெடலும் அணைந்துவிட்டது. ஃபஸ்ஸில் பாதுகாப்பு டயோடு இருக்கிறது என்றுதானே விற்றவர் சொன்னார்? — இசைக்குழுக்காரர், சென்னை

அவர் பொய் சொல்லவில்லை, இது வேறு வியாதி. 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலின் முதல் தலைமுறை பிஎன்பி ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களில் ஓடியது. அந்த சர்க்யூட்டில் கிரவுண்டோடு சேர்ந்திருப்பது ப்ளஸ். உங்கள் மற்ற பெடல்களில் கிரவுண்ட் மைனஸ். கிட்டார் கேபிளின் வெளிச்சுற்று எல்லாப் பெட்டிகளின் கிரவுண்டையும் ஒன்றாக்குகிறது, டெய்ஸி செயின் எல்லா மைனஸையும் ஒன்றாக்குகிறது. சேர்த்துப் பாருங்கள்: அடாப்டரின் ப்ளஸ் கேபிள் வழியாகச் சுற்றி வந்து அதே அடாப்டரின் மைனஸைத் தொட்டுவிட்டது. எந்த டயோடும் இதைத் தடுக்க முடியாது, ஷார்ட் பெடலுக்கு வெளியே நடக்கிறது.

அந்த ஒரு பெடலை மட்டும் பேட்டரியில் ஓட்டுங்கள், ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வரும், அவ்வளவு குறைவாகக் குடிக்கும் ஜாதி அது. இல்லையென்றால் ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வாங்கி அதில் ஒரு வாயை இதற்கென்றே ஒதுக்குங்கள். பின்னாளில் வந்த சிலிக்கான் என்பிஎன் ஃபஸ்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஆகவே ஃபஸ் என்றதுமே பயப்பட வேண்டியதில்லை.

9 வோல்ட் பேட்டரி கிளிப்பிலேயே பின் வைத்து விற்கிறார்கள். பேட்டரிதானே, ஆபத்தில்லையே? — திருச்சி வாசகர்

எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அர்டுயினோ போர்டுக்காக (எலக்ட்ரானிக்ஸ் பழகுவோர் புரோகிராம் எழுதி ஓட்டும் போர்டு) விற்பது அது, நடுவில் ப்ளஸ். வாங்கி வந்து பின் அருகே இரண்டு வயரையும் வெட்டி மாற்றி ஒட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதன்மேல் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து யாராவது அதை அர்டுயினோவில் மாட்டுவார்கள்.

தலைகீழ் பாதுகாப்பு இருந்தால் ஏசி அடாப்டரை மாட்டினாலும் தப்பிக்கலாமா? — ஈரோடு வாசகர்

நம்ப வேண்டாம். ஏசி என்றால் நொடிக்கு 100 முறை ப்ளஸ்ஸும் மைனஸும் இடம் மாறுகிறது, குறுக்கே போட்ட டயோடு தலைகீழாகும் ஒவ்வொரு முறையும் அடி வாங்கிக் கருகிவிடும். வரிசை டயோடு பாதியை மறித்துவிடும், ஆனால் உள்ளே விடும் பாதியின் உச்சம் 9 வோல்ட் ஏசிக்கே 12.7 வோல்ட். 16 வோல்ட் கெபாசிட்டர் தாங்கும், மாக்ஸ்1044 மாதிரி சார்ஜ் பம்ப் ஐசி (உள்ளே வோல்டேஜை மாற்றிக் கொடுப்பது) இருந்தால் அதன் எல்லை 10.5 வோல்ட், அது போய்விடும். லைன் 6 நிறுவனத்தின் பழைய பச்சை நிற டிஎல்4 டிலே ஏசி அடாப்டரில் ஓடுவது, அதை வைத்திருப்பவர்கள் அந்த அடாப்டரைத் தனிப் பையில் வையுங்கள்.

என்னிடம் இருக்கும் பழைய பாஸ் பெடல் பேட்டரியில் நன்றாக இருக்கிறது, அடாப்டரில் மட்டும் லைட் மங்கல். தலைகீழாக மாட்டியதில் போய்விட்டதா? — புதுச்சேரி வாசகர்

கோளாறே இல்லை. முதுகில் ஏசிஏ அடாப்டர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பழைய ஏசிஏ அடாப்டர்கள் 9 என்று போட்டுவிட்டு 12 வோல்ட் பக்கம் கொடுக்கும், அதைக் குறைக்கவே பெடலுக்குள் ஒரு டயோடும் ரெசிஸ்டரும் வைத்திருப்பார்கள். இன்றைய பிஎஸ்ஏ அடாப்டர் ஒழுங்காக 9 மட்டும் கொடுப்பதால் பெடலுக்குப் பசி அடங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே பெடலை வேறொரு புதிய பெடலோடு டெய்ஸி செயினில் மாட்டினால் சரியாக எரியும், கிரவுண்ட் பக்கத்துப் பெடல் வழியாகச் சுற்றி அந்த ரெசிஸ்டரைத் தாண்டிவிடுகிறது.

என் மகன் வாசிக்கிறான், எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே ஒரு பெடல் போய்விட்டது. வீட்டில் ஒரே மாதிரி பத்து அடாப்டர் கிடக்கிறது. எதை எதில் மாட்டலாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? — இல்லத்தரசி, தஞ்சாவூர்

அம்மா, ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு பெடலின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. திருகியை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். அடாப்டரைச் சுவரில் மாட்டி, சிவப்புக் கம்பியைப் பின்னின் துளைக்குள் விடுங்கள், கறுப்பை வெளிப்பக்கம் தொடுங்கள், இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்தால் அது மகனுடைய பெடல் வகை. குறி இல்லாமல் வந்தால் ரவுட்டர் வகை. எண் ஒன்பதை ஒட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். டிசியில் சைபர் காட்டினால் ஏசி அடாப்டராக இருக்கலாம், அதைத் தனியே வையுங்கள். பெடல் வகைக்கு மட்டும் பின் அருகே நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிட்டால், பொட்டு வைத்ததைத்தான் தொட வேண்டும் என்று பையனுக்கு ஒரே சட்டம்.

பேட்டரி மாற்றும்போது கிளிப்பைத் தப்பாக வைத்து ஒரு நொடி தொட்டுவிட்டேன். வரிசை டயோடு இருக்கிறது, பயமில்லைதானே? — சேலம் வாசகர்

அந்த டயோடு ஜாக்குக்குப் பக்கத்தில் இருந்தால் அடாப்டர் பாதையைத்தான் காக்கிறது, பேட்டரி அதைத் தாண்டி உள்ளே சேரும். ஆனாலும் ஒரு நொடித் தொடலில் பெடல்கள் பெரும்பாலும் தப்பிவிடும், சின்ன பேட்டரியால் அடாப்டர் அளவுக்குக் கரண்டைக் கொட்ட முடியாது. அடுத்த முறை கிட்டார் கேபிளை உருவிவிட்டுப் பேட்டரி மாற்றுங்கள். கேபிள் இல்லாதபோது பேட்டரியின் மைனஸ் எங்கும் சேராது, கிளிப்பை எப்படித் தொட்டாலும் ஒன்றும் ஆகாது.